வரமும் பூசாரியும்

(2025-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், நியூஜெர்ஸியில் ஒரு பொது நூலகத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் தெருவில் எனக்கு அடுத்த வீட்டில் மனைவியை இழந்து தனியே வசிக்கும் முதியவர் ஒருவர், கையில் ஒரு பழுப்பு நிற உறையுடன் என் வாசலில் வந்து நின்று, "இதைக் கொஞ்சம் படித்துச் சொல்ல முடியுமா? எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு ஊர்வது போலத் தெரிகிறது" என்று கேட்டார். வியத்நாம் யுத்த காலத்தில், இருபது வயதுப் பிராயத்தில், தா நாங் விமான தளத்தில் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர் அவர். எங்கள் வீட்டுப் புல்வெட்டும் யந்திரம் நின்றுபோனால் இன்றைக்கும் அவர் கைபட்டால்தான் ஓடும். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே அன்று அவர் வந்து நின்ற நிலையே எனக்கு ஒரு சங்கடத்தை உண்டாக்கிற்று.

உறைக்குள் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று, அமெரிக்க மத்திய ராஜாங்கத்தின் படைவீரர் நல அமைச்சு அனுப்பிய தீர்மானக் கடிதம். இதுவரை 30 சதவிகிதம் என்று மதிப்பிட்டிருந்த அவருடைய ஊனத்தை இனி 70 சதவிகிதமாகக் கொள்வதாகவும், மாதந்தோறும் தரும் ஈட்டுத் தொகையை அதற்கேற்ப உயர்த்துவதாகவும் அது கூறியது. மற்றொன்று, தொலைதூர மாநிலமொன்றில் இருக்கும் ஒரு தனியார் நிறுவனத்திலிருந்து வந்த பில். அதில் கண்ட தொகை 6,108 டாலர் 85 சென்ட். பத்து நாளைக்குள் கட்டவேண்டும். கடன் அட்டையின் எண்ணை எழுதுவதற்கு அடியில் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள்.

இந்த 6,108 டாலர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு அன்று இரவு வெகுநேரம் ஆயிற்று. அந்தக் கணக்கைத் தங்களுக்கும் காட்டிவிட்டு மேலே செல்வதே நன்று என்று நினைக்கிறேன். ஏனெனில் இந்த விவகாரத்தின் ரகசியம் முழுவதும் அந்தக் கணக்குக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது.

போரிலோ படைப் பணியிலோ உடம்பு கெட்டுப்போனவர்க்கு ராஜாங்கம் கொடுக்கும் தொகையை அந்த ஊனத்தின் சதவிகிதத்தைக் கொண்டு நிர்ணயிக்கிறார்கள்; சதவிகிதம் பத்துப் பத்தாக ஏறும். எங்கள் முதியவருக்கு முன்பே சர்க்கரை வியாதிக்காக 20 சதவிகிதமும், விமான இரைச்சலால் ஏற்பட்ட காது இரைச்சலுக்காக 10 சதவிகிதமும் கொடுத்திருந்தார்கள். இப்போது இருதய நோய்க்கு 60 சதவிகிதம் சேர்ந்தது. 60-ஐயும் 20-ஐயும் 10-ஐயும் கூட்டினால் 90 ஆகும் என்று நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அமைச்சின் கணிதம் வேறு. முழு ஆரோக்கியமுள்ள மனிதனை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள்; இருதய நோய் அவனிடமிருந்து 60-ஐ எடுத்துக்கொண்டபின் மிச்சமிருப்பது 40 பங்கு மனிதன்தான்; சர்க்கரை வியாதி அந்த நாற்பதில் 20 சதவிகிதமாகிய 8-ஐ எடுத்துக்கொள்கிறது; மிஞ்சிய 32-இல் காது இரைச்சல் பத்தில் ஒரு பங்கைத் தின்கிறது; ஆக மொத்தம் 71, அதைப் பத்தின் மடங்காக்கினால் 70. மனைவி மக்கள் பொறுப்பில்லாத ஒருவருக்கு 30 சதவிகிதத்துக்கு 2025-ஆம் ஆண்டில் மாதம் 537 டாலர் 42 சென்ட். 70 சதவிகிதத்துக்கு 1,759 டாலர் 19 சென்ட். வித்தியாசம் 1,221 டாலர் 77 சென்ட். அதை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்; நிறுவனத்தின் பில் ஒரு சென்ட் பிசகாமல் வந்துவிடும். உயர்ந்த தொகையில் முதல் ஐந்து மாதத்தைத் தங்களுக்கு என்று அவர்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். ஆறு மாதம் கேட்பவர்களும் இந்தத் தொழிலில் உண்டு.

சரி, இந்த ஐந்து மாதச் சம்பளத்துக்கு அவர்கள் செய்த வேலை என்ன? அதையும் விசாரித்தேன். இருதய நோய்க்கும் வியத்நாமுக்கும் சம்பந்தம் உண்டென்று அவர்கள் நிரூபிக்கவில்லை; நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நாட்டுக் காடுகளின்மேல் அமெரிக்க விமானங்கள் தெளித்த 'ஏஜெண்ட் ஆரஞ்சு' என்னும் இலையுதிர்ப்பு மருந்தின் காரணமாக, அங்கே பணிபுரிந்தவர்க்குச் சில நோய்கள் வந்தால் அவை அந்த மருந்தினாலேயே வந்தவை என்று அனுமானித்துக்கொள்ள வேண்டுமென்பது சட்டம். அந்த ஜாபிதாவில் சர்க்கரை வியாதி 2001-லும், இரத்தக் குழாய் அடைப்பால் வரும் இருதய நோய் 2010-லும் ஏறிவிட்டன. அவர் அங்கே இருந்தார் என்பதற்குப் படையிலிருந்து விடுவித்த சான்றிதழ் ஒன்று போதும். நோய் உண்டென்பதற்கு வைத்தியருடைய அறிக்கை போதும். நிறுவனத்தார் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்து, கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் மஞ்சள் மையால் கோடிழுத்து, "இதைத் தாங்களே தங்கள் பெயரில் அனுப்பிவிடுங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவே.

'தாங்களே அனுப்பிவிடுங்கள்' என்ற அந்தச் சொல்லைத் தாங்கள் கவனிக்க வேண்டும். அது மரியாதைக்காகச் சொன்னதன்று. சட்டத்திலிருந்து தப்புவதற்காகச் சொன்னது.

மத்திய சட்டத்தின்படி, படைவீரர் ஒருவருடைய கோரிக்கையைத் தயாரிப்பதற்கோ சமர்ப்பிப்பதற்கோ நடத்துவதற்கோ அமைச்சின் அங்கீகாரம் பெற்றவர்களே உதவலாம். அங்கீகாரம் பெற்றவர் மூவகையினர்: 1919-இல் தோன்றிய அமெரிக்க லீஜன், 1899-இல் தோன்றிய வெளிநாட்டுப் போர்வீரர் சங்கம், 1920-இல் தோன்றிய ஊனமுற்ற படைவீரர் சங்கம் முதலியவற்றின் பிரதிநிதிகள் ஒரு வகை, வக்கீல்கள் ஒரு வகை, பரீட்சை எழுதித் தேறிய கோரிக்கை முகவர்கள் மற்றொரு வகை. சங்கத்தார் ஒரு காசும் வாங்கலாகாது. வக்கீல்களும் முகவர்களும்கூட முதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்கலாகாது. அமைச்சு ஒருமுறை தீர்மானம் சொன்னபிறகு, அது தவறென்று மேலே வாதாடுவதற்குத்தான் கேட்கலாம். அப்போதும், நிலுவையாக வரும் தொகையில் 20 சதவிகிதம் வரை நியாயம் என்றும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் அநியாயம் என்றும் விதி அனுமானித்துக்கொள்கிறது. முதல் விண்ணப்பத்துக்கு ஏன் கூலி கூடாது? அது வழக்கே அன்று என்பதுதான் காரணம். அங்கே எதிர்க்கட்சி என்று ஒருவரும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமொன்று, சாட்சியங்களைத் தேடிச் சேர்ப்பதில் விண்ணப்பதாரருக்கு உதவுவதை அமைச்சின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. இருபக்கத்துச் சான்றும் துலாக்கோலில் சமமாக நின்றால் தட்டு படைவீரர் பக்கம் சாயவேண்டும் என்பதும் விதி. கொடுப்பதற்கென்று ஏற்பட்ட கையிலிருந்து வாங்கித்தருவதற்கு ஒருவன் எதற்குக் கூலி கேட்கவேண்டும்?

சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடான் என்று நம்மவர் சொல்வார்கள். இங்கே நடப்பது அதைக் காட்டிலும் விசித்திரம். கோயில் திறந்திருக்கிறது, உள்ளே இருக்கும் பூசாரி தட்சிணை கேட்பதில்லை, வெளியே, கோயிலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவன், பட்டை பட்டையாக விபூதி பூசிக்கொண்டு, கொடிமரத்தடியிலேயே கையை நீட்டுகிறான்.

இந்தக் கைநீட்டல் புதிதன்று. உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1862-ஆம் ஆண்டிலேயே, உபகாரச் சம்பளச் சட்டத்தை இயற்றிய காங்கிரஸ் சபை, கால் இழந்த சிப்பாயையும் கணவனை இழந்த பெண்ணையும் சுற்றித் தரகர்கள் மொய்ப்பதைக் கண்டு, ஒரு மனுவுக்கு 5 டாலருக்குமேல் கூலி வாங்கலாகாது என்று வரம்பு கட்டிற்று. இரண்டு வருஷத்தில், 1864-இல், அதைப் 10 டாலராக உயர்த்தினார்கள். ஆயினும் பத்துப் பத்தாகச் சேர்த்து மாளிகை கட்டியவர்கள் உண்டு. வாஷிங்டனில் உபகாரச் சம்பள வக்கீலாயிருந்த ஜார்ஜ் லெமன் என்பவர் 1877-இல் 'நேஷனல் டிரிப்யூன்' என்று ஒரு பத்திரிகையையே தொடங்கி, பழைய சிப்பாய்களின் உரிமைக்காக உருக்கமாக எழுதினார். 1879-இல் நிலுவைச் சட்டம் வந்து, பின்தேதியிட்டுப் பெருந்தொகை கிடைக்கும் என்றானபோது, மனுக்கள் வெள்ளமாய்ப் புரண்டன. அந்த வெள்ளத்தில் மீன்பிடித்தவர்களுள் அவரும் ஒருவர். அவருடைய உருக்கம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். உருக்கமும் லாபமும் ஒரே வீட்டில் குடியிருப்பது உலகத்தில் நாம் காணாததன்று.

10 டாலர் என்ற அந்த வரம்பு, விலைவாசி எங்கெங்கோ ஏறியும், 1980-களிலும் பத்தாகவே நின்றது. இங்கே நான் சற்று நிதானித்துப் பேசவேண்டும். ஏனெனில், பாதுகாப்பு என்று நாம் கட்டும் வேலி எப்போது சிறைச்சுவராக மாறிவிடுகிறது என்பதற்கு இந்தப் 10 டாலர் ஒரு நல்ல திருஷ்டாந்தம். இரண்டாவது உலக யுத்தத்தின் முடிவில் ஹிரோஷிமா, நாகசாகி ஆகிய ஊர்களில் காவலிருந்த சிப்பாய்களும், பின்னர் அணுகுண்டுப் பரீட்சைகளின்போது பக்கத்தில் நிறுத்தப்பட்டவர்களும், தங்களுக்கு வந்த நோய்கள் அணுக்கதிரினால் வந்தவை என்று முறையிட்டார்கள். அந்த மாதிரி வழக்கில் விஞ்ஞானிகளை விசாரிக்கவேண்டும். ஆயிரம் தஸ்தாவேஜுகளைத் தோண்டவேண்டும். 10 டாலருக்கு எந்த வக்கீல் வருவார்? உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 1985-இல் நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, இந்த ஏற்பாடு வாதப் பிரதிவாதமில்லாத எளிய ஏற்பாடு, வக்கீல்கள் புகுந்தால் அது கெடும், ஆகவே வரம்பு செல்லும் என்றது. நீதிபதி ஸ்டீவன்ஸ் மறுத்தார்: தனக்கு வேண்டிய வக்கீலை வைத்துக்கொள்வது ஒரு பிரஜையின் சுதந்தரம், அவனுடைய நன்மைக்கென்று சொல்லி அதைப் பறிப்பது தகாது என்பது அவருடைய அபிப்பிராயம். என்னைக் கேட்டால், அணுகுண்டுச் சிப்பாய்களின் விஷயத்தில் ஸ்டீவன்ஸ் சொன்னதே நியாயம். எங்கள் தெரு முதியவரின் விஷயத்தில் ரென்குவிஸ்ட் சொன்னதே நியாயம். சிக்கலான வழக்குக்கும் எளிய விண்ணப்பத்துக்கும் உள்ள தூரம் அது.

1988-இல் காங்கிரஸ் இந்த முடிச்சை ஒருவாறு அவிழ்த்தது. அதுவரை அமைச்சின் தீர்மானத்தை எந்த நியாயஸ்தலமும் பார்க்க முடியாதிருந்தது. அவ்வாண்டில் படைவீரருக்கென்றே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தை ஏற்படுத்தி, மேல்முறையீட்டுக் கட்டத்தில் வக்கீலுக்குக் கட்டணம் உண்டென்றும் ஆக்கினார்கள். 2006-இலும் 2017-இலும் வந்த சட்டங்கள் அந்தக் கட்டத்தை மேலும் முன்னே கொண்டுவந்து, முதல் தீர்மானம் வெளியான உடனேயே கூலி பேசலாம் என்ற நிலைக்கு நிறுத்தின. எல்லாம் நல்லதுதான். ஆனால் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வக்கீல்களுக்கு வழிவிடுவதற்காகக் கதவைத் திறந்தவர்கள், பின்புறத்துத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார்கள். விதிக்கு மாறாகக் கூலி வாங்குவோருக்கு அபராதமும் ஓராண்டுச் சிறையும் என்றிருந்த தண்டனையை நீக்கிவிட்டார்கள். அங்கீகாரமில்லாதவன் உதவலாகாது என்ற தடை இருக்கிறது. உதவிக் கூலி வாங்கினால் என்ன செய்வது என்பதற்குப் பதில் இல்லை. அமைச்சின் சட்ட அதிகாரிகள், 'நிறுத்திக்கொள்ளவும்' என்று கடிதம் எழுதலாம், எழுதுகிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அந்தக் கடிதங்களைப் பெற்ற நிறுவனங்கள் நம்மைவிட நன்றாய் அறிந்திருக்கின்றன.

பற்கள் இல்லாத அந்தச் சட்டம் நெடுநாள் சும்மா கிடந்தது. 2022 ஆகஸ்டு மாதத்தில் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்ட 'பாக்ட்' சட்டம், இராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் குப்பைக் குழிகளை எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்கும், வியத்நாமில் பணிபுரிந்து இரத்த அழுத்தம் கண்டவர்களுக்கும் புதிதாக அனுமானங்களை அளித்தது. மகத்தான காரியம், அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 2024 நிதியாண்டில் மாத்திரம் அமைச்சு 25 லட்சத்துக்கும் அதிகமான ஊனக் கோரிக்கைகளைத் தீர்த்தது. ஆனால் 1879-இல் நடந்ததே மறுபடியும் நடந்தது: புதுத் தொகை எங்கே உண்டோ அங்கே புதுத் தரகர். இப்போது அவர்கள் தங்களைத் தரகர் என்று சொல்லிக்கொள்வதில்லை; 'ஆலோசகர்', 'பயிற்சியாளர்', 'மருத்துவச் சான்று நிபுணர்' என்று பெயர். நாங்கள் கோரிக்கையைத் தயாரிக்கவில்லை, எப்படித் தயாரிப்பதென்று சொல்லிக்கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்கிறார்கள். மஞ்சள் கோடிட்ட படிவத்தைத் திருப்பி அனுப்பியதன் அர்த்தம் இதுவே. படைவீரர்கள் தங்களுக்குள் அவர்களைச் சுறா என்று அழைக்கிறார்கள். வெளிநாட்டுப் போர்வீரர் சங்கம், சுறாவுக்குத் தீனி போடாதே என்று ஒரு பிரசாரமே நடத்துகிறது.

எங்கள் முதியவரின் ஒப்பந்தம் பதினோரு பக்கம். ஏழாம் பக்கத்தில், அமைச்சின் இணையக் கணக்குக்குரிய அவருடைய பெயரையும் கடவுச்சொல்லையும் நிறுவனத்தாருக்கு அளிப்பதாக ஒரு ஷரத்து இருந்தது. தீர்மானக் கடிதம் அவருடைய தபால் பெட்டிக்கு வருவதற்கு முன்பே அவர்களுக்கு எப்படிச் சேதி தெரிந்தது என்று நான் வியந்துகொண்டிருந்தேன்; ஏழாம் பக்கத்தைப் படித்தபின் வியப்பு நீங்கிவிட்டது. ஒன்பதாம் பக்கத்து ஷரத்து இன்னும் நேர்த்தி: இடையில் அவர் வேறு யாருடைய உதவியை நாடினாலும், எந்தக் காரணத்தால் தொகை உயர்ந்தாலும், ஐந்து மாதத் தொகை நிறுவனத்துக்குச் சேரவேண்டும். "இதில் கையெழுத்துப் போட்டீர்களா?" என்று கேட்டேன். "கைபேசியில் விரலால் ஏதோ கிறுக்கச் சொன்னார்கள், கிறுக்கினேன்" என்றார். விமான எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கக்கூடியவர் அவர்.

மத்திய சட்டத்துக்குப் பல் இல்லை என்றால் மாநிலங்கள் என்ன செய்யலாம்? இதுவே இன்றைய பேச்சின் மையம். அமெரிக்க ஏற்பாட்டில், படைவீரருக்கு என்ன தருவது என்பது மத்திய ராஜாங்கத்தின் அதிகாரம். ஆனால் தன் எல்லைக்குள் வியாபாரம் செய்கிறவன் ஜனங்களை வஞ்சிக்காமல் பார்த்துக்கொள்வது மாநிலத்தின் புராதன அதிகாரம். கலப்பட எண்ணெய் விற்பவனையும், இல்லாத ஓட்டைக்குக் கூரை வேய்ந்ததாகப் பணம் வாங்குபவனையும் எந்தச் சட்டத்தால் பிடிக்கிறோமோ, அந்தச் சட்டத்தாலேயே இவனையும் பிடிக்கலாம் என்று மாநிலச் சட்டசபைகள் கண்டுகொண்டன. நாம் வாழும் இந்த நியூஜெர்ஸி மாநிலம் அதில் முன்னணியில் நின்றது. 2023 ஆகஸ்டு மாதத்தில் கவர்னர் மர்ஃபி கையெழுத்திட்ட சட்டத்தின் சாரம் ஒரே வரியில் அடங்கும்: படைவீரர் சலுகை சம்பந்தமாக ஆலோசனை சொல்வதற்கோ உதவுவதற்கோ, மத்திய சட்டம் அனுமதித்த அளவுக்குமேல் எவரும் கூலி வாங்கலாகாது, வாங்கினால் அது நுகர்வோர் மோசடிச் சட்டத்தின்கீழ் குற்றம். அந்தச் சட்டத்தில் முதல் தவறுக்கு 10,000 டாலர் வரையிலும், அடுத்தடுத்த தவறுக்கு 20,000 டாலர் வரையிலும் அபராதம் உண்டு. மத்திய சட்டம் கழற்றிவைத்த பல்லை மாநிலம் தன் உலையில் அடித்துப் பொருத்திற்று என்று சொல்லலாம்.

'ஆலோசனை சொல்வதற்கோ' என்று அதில் சேர்த்ததுதான் மதிநுட்பம். நாங்கள் தயாரிக்கவில்லை, சொல்லிக்கொடுக்கிறோம் என்ற வாயிலை அது அடைக்கிறது.

வேறு வழியில் சென்ற மாநிலமும் உண்டு. லூயிசியானா 2024-இல் இயற்றிய சட்டம், இந்த நிறுவனங்களைத் தடை செய்யாமல், 12,500 டாலருக்குமேல் வாங்கலாகாது என்று உச்சவரம்பு மட்டும் விதித்தது. வாஷிங்டனிலும் 2025-இல் இப்படியே எதிரும் புதிருமாக இரண்டு மசோதாக்கள் பிரஸ்தாபத்தில் இருந்தன: ஒன்று பழைய தண்டனையை மீட்டுக்கொண்டு வருவது, மற்றொன்று நிறுவனங்களுக்கு அங்கீகாரம் கொடுத்து, உயர்ந்த மாதத் தொகையின் ஐந்து மடங்கு அல்லது 12,500 டாலர், இவற்றுள் குறைந்ததை வாங்கிக்கொள்ளலாம் என்பது. உச்சவரம்பு என்ற சொல் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அந்த வரம்புக்குள் எங்கள் முதியவரின் பில்லை வைத்துப் பாருங்கள். 6,108 டாலர் 85 சென்ட் அப்படியே, ஒரு முடிகூடக் கலையாமல், சட்டபூர்வமாக உள்ளே உட்கார்ந்துகொள்ளும். சந்தையில் இன்றைக்கு அவர்கள் என்ன விலை சொல்கிறார்களோ அதையே சட்டப் புத்தகத்தில் அச்சடித்துக் கொடுப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. இலவசமாகக் கிடைப்பதற்கு விலை வரம்பு கட்டுவானேன்?

இனி, நியாயஸ்தலத்தின் பக்கம் வருவோம். நம் மாநிலத்துச் சட்டம் வெளிவந்ததும், வேறு மாநிலத்து நிறுவனம் ஒன்று மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதன் வாதம் என்ன தெரியுமா? பேச்சுச் சுதந்தரம். ஆலோசனை என்பது பேச்சு. பேச்சுக்குக் கூலி வாங்குவதைத் தடுப்பது பேச்சையே தடுப்பதாகும். 1791-ஆம் ஆண்டின் முதலாவது அரசியல் திருத்தம் அதற்கு இடங்கொடாது. முதல் நீதிபதி இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தார். ஆனால் பிலடெல்பியாவில் இருக்கும் மூன்றாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், 2025 ஏப்ரலில், இந்தச் சட்டம் பேச்சின்மேல் பாரம் ஏற்றுவது உண்மைதான் என்றும், கீழ்நீதிமன்றம் அதை மறுபடியும் பரிசீலிக்க வேண்டுமென்றும் சொல்லி, பழைய உத்தரவை ரத்துசெய்து வழக்கைத் திருப்பி அனுப்பியது.

தீர்ப்பை முதலில் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது; படித்தபின் கோபம் சற்றுத் தணிந்தது. பேச்சைக் காப்பாற்றுவதில் அளவுக்கு மிஞ்சி ஜாக்கிரதையாக இருக்கும் நாட்டில் குடியிருப்பது, அஜாக்கிரதையான நாட்டில் குடியிருப்பதைக் காட்டிலும் மேல். ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வக்கீல் பேசுவதும் பேச்சுதான். வைத்தியர் மருந்துச் சீட்டு எழுதுவதும் எழுத்துதான். அவர்களைப் பரீட்சை எழுதவைத்து, அங்கீகாரம் பெறவைத்து, கட்டணத்துக்கும் நெறி வகுக்கிறோம். 1963-இல் ஃப்ளாரிடா மாநிலம், காப்புரிமை அலுவலகத்தில் பதிவுபெற்ற ஒருவரை அவர் வக்கீலல்லர் என்று சொல்லித் தடுத்தபோது, மத்திய அங்கீகாரம் பெற்றவரை மாநிலம் தடுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நியாயத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தால், மத்திய அங்கீகாரம் பெறாதவரை மாநிலம் ஏன் தடுக்கலாகாது? நம் சட்டம் எவருடைய வாயையும் கட்டவில்லை. ஆலோசனை சொல்ல விரும்புகிறவர் தெருமுனையில் நின்று நாள் முழுவதும் சொல்லலாம். ஒரு படைவீரர் இன்னொரு படைவீரருக்குச் சாராயக்கடையில் உட்கார்ந்து சொல்லலாம். நான் என் அண்டைவீட்டாருக்குச் சமையலறை மேஜையில் சொன்னேன். ஐந்து மாதச் சம்பளம் மட்டும் கேட்கலாகாது. அதுவும் வேண்டுமென்றால் பரீட்சை எழுதி அங்கீகாரம் பெற்றுக்கொண்டு, மேல்முறையீட்டில் கேட்கலாம்; கதவு அங்கே திறந்திருக்கிறது. இது என் வாதம், நான் நீதிபதியல்லன்.

நிறுவனத்தார் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறைத்தால் நான் யோக்கியனல்லன். இலவச உதவி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. படைவீரருக்கு உதவும் கவுண்டி அலுவலகங்கள் சிலவற்றில் ஒரே அதிகாரி. அவரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சங்கப் பிரதிநிதிகளில் கெட்டிக்காரரும் உண்டு, படிவத்தை வாங்கி இழுப்பறையில் போட்டு மறந்துவிடுகிறவரும் உண்டு. அவசரக்காரன் விலைகொடுத்து வாங்குவது சகஜம். இந்த நிறுவனங்கள் பலவற்றை நடத்துகிறவர்களே முன்னாள் படைவீரர்கள். எங்கள் தோழர்களுக்கு நாங்கள் உதவுகிறோம் என்று அவர்கள் சொல்வதை முழுப் பொய்யென்று தள்ளிவிட நான் துணியேன். ஆனால் வரிசை நீளமாக இருக்கிறது என்பதற்கு மருந்து, இன்னும் இரண்டு அதிகாரிகளை நியமிப்பதா, வரிசையில் நிற்பவன் பையில் கைவிட அனுமதிச் சீட்டுக் கொடுப்பதா? சட்டம் இயற்றும் மாநிலம் அதே கையோடு கவுண்டி அலுவலகத்துக்குப் பணமும் ஒதுக்கவேண்டும். தடைக்குக் கைதட்டும் சட்டசபை உறுப்பினர்கள் பட்ஜெட் நாளில் எங்கே போகிறார்கள் என்பதை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அண்டைவீட்டு முதியவரின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். மறுவாரம் அவரைக் கவுண்டி அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். கடற்படையில் இருபது வருஷம் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார் அங்கே அதிகாரி. ஒரு சிறு அறை, ஒரு மேஜை, மேஜைமேல் யாரோ கொடுத்த பிஸ்கட் டப்பா. அவர் பதினோரு பக்கத்தையும் நிறுத்தாமல் படித்தார். ஒன்பதாம் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு, முதலில் அவரை அங்கேயே உட்காரவைத்து இணையக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றச் செய்தார். மாநில நுகர்வோர் பிரிவுக்கு ஒரு புகார் எழுதித் தந்தார். அமைச்சின் சட்ட அதிகாரிக்கு ஒரு நகல். எல்லாவற்றுக்கும் ஆன நேரம் நாற்பது நிமிஷம். வெளியே வரும்போது எங்கள் முதியவர் தம் பையிலிருந்து இருபது டாலர் நோட்டொன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்த அம்மையார் அதை அவருடைய சட்டைப் பையிலேயே திரும்ப வைத்து, பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார்.

பில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மாதம் ஒன்று, ஒவ்வொன்றிலும் தாமதக் கட்டணம் சிறிது ஏறியிருக்கும். வசூல் செய்பவர் என்று சொல்லிக்கொண்டு தொலைபேசியில் பேசிய ஒருவர், வழக்குப் போடுவோம் என்றாராம். நீதிமன்றத்தில் சட்டம் நிற்குமா நிற்காதா என்று முதியவர் என்னைக் கேட்கிறார். நான் இப்போது தங்களிடம் சொன்னதைத்தான் அவரிடமும் சொல்லியிருக்கிறேன். உறைகளைப் பிரிக்காமலே ரப்பர் வளையம் போட்டு, சமையலறை இழுப்பறையில், பழைய ஸ்பார்க் பிளக்குகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார். போன வாரம் பார்த்தபோது ஏழு இருந்தன.

தங்கள் தெருவில் இப்படி யாரேனும் இருந்தால், கவுண்டி அலுவலகத்தின் முகவரி இந்த நூலகத்தின் வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறது. படையிலிருந்து விடுவித்த சான்றிதழை, அதை அவர்கள் 214-ஆம் படிவம் என்பார்கள், மறவாமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.